ஆவிக்குரியது, உலகத்துக்குரியது: இந்தக் கோட்டைப் போட்டது யார்?

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நீதியைப் பற்றிப் பேச யாராவது எழுந்தால், அவரை உட்கார வைப்பதற்கென்றே ஒரு பதில் காத்திருக்கிறது. சபை இருப்பது ஆத்தும இரட்சிப்புக்காக. கூலி, நிலம், சாதி, சட்டம் எல்லாம் உலகத்துக் காரியங்கள். அவற்றில் கைவைத்தால் ஊழியம் கெட்டுவிடும். கத்தோலிக்கப் பங்கிலும் இதைக் கேட்கலாம், சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் லுத்தரன் சபையிலும் கேட்கலாம், பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்திலும் கேட்கலாம். உபதேசத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சபைகள் இந்த ஒரு விஷயத்தில் ஒருமனப்பட்டிருக்கின்றன. சொல்பவர்களில் பலர் உண்மையான பக்தியுள்ளவர்கள். அதனாலேயே இதை நேருக்கு நேர் மறுக்க வேண்டியிருக்கிறது.

ஆவிக்குரியதையும் உலகத்துக்குரியதையும் பிரிக்கும் இந்தக் கோடு வேதத்திலிருந்து வந்ததில்லை. இது நம் மண்ணில் போடப்பட்டது. சாதியை விடாமலே கிறிஸ்தவர்களாக இருக்க ஒரு வழி தேவைப்பட்டவர்களுக்காகப் போடப்பட்டது.

முதலில் வேதத்தைப் பார்ப்போம். நம்மை உட்காரச் சொல்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது பெத்தானியாவில் நடந்ததை. ஒரு பெண் விலையேறப்பெற்ற தைலத்தை இயேசுவின்மேல் ஊற்றியபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்களிடம், ஏழைகள் உங்களை விட்டு எங்கும் போய்விடப் போவதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். வறுமை ஆண்டவரே அனுமதித்த நிலை, அதை மாற்றப் பார்ப்பது வீண் முயற்சி என்று இதற்கு விளக்கம் கொடுக்கிறார்கள். ஆனால் அவர் அங்கே நினைவூட்டியது உபாகமம் 15-ஆம் அதிகாரத்தை. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அந்த அதிகாரம் நன்றாகத் தெரியும். அது கடன் விடுதலையைப் பற்றியது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளிவிட வேண்டும். விடுதலை ஆண்டு நெருங்குகிறதே, கொடுத்தால் திரும்பாதே என்று கணக்குப் பார்த்து ஏழைக்குக் கையை மூடிக்கொள்பவன்மேல் பாவம் சுமரும். ஆறு ஆண்டு உழைத்த அடிமையை விடுவிக்கும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மந்தையிலும் களத்திலும் திராட்சை ஆலையிலும் அவனுக்குப் பங்கு தர வேண்டும். ஏழைகள் இருந்துகொண்டே இருப்பார்கள் என்ற வரி இந்தச் சட்டங்களுக்கு நடுவில் வருகிறது, அதனால் கையைத் திறந்தே வை என்ற கட்டளையோடு சேர்ந்து வருகிறது. உங்களுக்குள் ஏழையே இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் அதே அதிகாரத்தில், அதற்குச் சில வரிகள் முன்னால் இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு ஒரே வரியைப் பிய்த்தெடுத்துப் பிரசங்கம் செய்வது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகாது.

இன்னொரு விளக்கமும் இப்போது பரவிவருகிறது. தொலைக்காட்சிப் பிரசங்கிகள் நாள்தோறும் சொல்கிறார்கள்: விசுவாசம் உள்ளவன் செழிப்பான், ஏழையாக இருப்பவனிடம் ஏதோ பாவமோ சாபமோ சோம்பேறித்தனமோ இருக்கிறது. யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தை இவர்கள் ஒருமுறை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேயர்கள் தங்கள் தேவனை ஆராதிக்கப் போக வேண்டும் என்று கேட்டார்கள். உடனே அவர்களுக்கு வைக்கோல் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அறுக்க வேண்டிய கல்லின் எண்ணிக்கை மட்டும் குறைக்கப்படவில்லை. அவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் ஆராதனை என்று கூக்குரலிடுகிறார்கள் என்று அங்கே ஒருவன் சொல்கிறான். சொன்னவன் பார்வோன். ஏழையின் ஏழ்மைக்கு அவனுடைய சோம்பல்தான் காரணம் என்ற வாதத்தை அந்தக் கதை ஒடுக்குகிறவன் வாயில் வைத்திருக்கிறது. தேவனோ செங்கல் அறுக்கிறவர்களின் கூக்குரலைக் கேட்டேன் என்று மோசேயிடம் சொல்லி, நேரே அரசனிடம் அனுப்புகிறார். வேதத்தில் மீட்பு என்று நாம் பாடுகிற எல்லாவற்றுக்கும் மூலமான சம்பவம் இதுதான். கட்டாய உழைப்பிலிருந்து ஒரு மக்கள்கூட்டம் வெளியேறியதைத்தான் பஸ்கா கொண்டாடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்ட செய்திகளைப் பலமுறை வாசித்திருக்கிறோம். முன்பணம் வாங்கிய பாவத்துக்காகப் பிள்ளைகளோடு கல் அறுத்தவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்தச் சூளைகளைக் கடந்து ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிற சபைக்கு இது உலகத்துக் காரியம் என்றால், யாத்திராகமமும் அந்தச் சபைக்கு உலகத்துக் காரியம்தான்.

லெந்து நாட்களில் நாம் உபவாச ஜெபம் வைக்கிறோம். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் தேவன் அந்த உபவாசத்தையே ஏற்க மறுக்கிறார். உபவாச நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று கேட்டு, கட்டுகளை அவிழ்ப்பதும் நுகத்தை உடைப்பதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுமே தாம் விரும்பும் உபவாசம் என்கிறார். யாக்கோபு தன் நிருபத்தில், வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதினார். கூலி பாக்கி ஆவிக்குரிய விஷயமாக இருந்ததால்தான் அது வேதத்தில் ஏறியது.

சரி, வேதம் போடாத கோடு எங்கிருந்து வந்தது?

மிஷனரி ராபர்ட் தே நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். தமிழுக்கும் சமஸ்கிருதத்துக்கும் அவர் கொடுத்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் உயர்சாதியினரை ஈர்க்க அவர் வகுத்த வழிக்கு ஓர் அடிப்படை தேவைப்பட்டது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மதச் சின்னங்கள் இல்லை, சமூக வழக்கங்கள்தான், ஆகவே கிறிஸ்தவர்கள் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதாடினார். 1623-ல் ரோமும் அதற்கு இசைந்தது. நூலுக்கும் சந்தனத்துக்கும் கிடைத்த அனுமதி அவற்றோடு நிற்கவில்லை. பிராமணர்களிடையே ஊழியம் செய்ய ஒரு வகைக் குருக்கள், ஒடுக்கப்பட்டோரிடம் போகப் பண்டாரசாமிகள் என்று மதுரை மிஷன் இரண்டாகப் பிரிந்தது. சாதி உலகத்தைச் சேர்ந்தது, விசுவாசம் ஆவியைச் சேர்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் வாழலாம் என்ற இறையியல் நம் மண்ணில் வேர்விட்டது இப்படித்தான்.

சீர்திருத்தச் சபைகள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும், எல்லாரும் வேற்றுமையின்றி அமர்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. உபதேசியார்கள் வேலையை இழந்தார்கள், சாதியை விடவில்லை. இன்றும் நம் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் எவருடைய கீர்த்தனைகளை மனமுருகிப் பாடுகிறோமோ, அந்தத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1829-ல், சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு ஆழமான பக்தியும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. சாதி உலக மரியாதை சம்பந்தப்பட்டது, மார்க்கத்துக்கு அதில் என்ன வேலை என்பதே எதிர்த்தவர்களின் வாதம். இன்று நம்மை உட்காரச் சொல்கிற வாதமும் அதுதான்.

இந்த வாதத்தைக் கல்லும் சுண்ணாம்புமாக நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் பார்க்கலாம். 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நடுக்கூடங்கள். பலிபீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கிளைகளாகக் கட்டடம் பிரிகிறது, வெள்ளாளருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு ஒன்று. நடுவில் தடுப்புச் சுவர். ஒரே பூசையை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காண்பதற்குப் பொறியியல் அறிவு முழுவதையும் செலவழித்திருக்கிறார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அப்போது என்ன நடந்தது? சுவரை இழந்தவர்கள் ஆவிக்குரிய காரியம் என்று பேசாமல் இருந்துவிடவில்லை. ஆயர்மேல் வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சபை நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் போகக் கூடாது என்ற விதி, ஒடுக்கப்பட்டவர் நீதி கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. சொத்துத் தகராறுக்கும் பேராயத் தேர்தலுக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் வழக்குப் போட நம் சபைகள் ஒருநாளும் தயங்கியதில்லை.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்தவர்களைப் பிரித்து நின்ற சுவருக்கு எதிரான போராட்டங்கள் இந்த நூற்றாண்டில் நடந்தவை. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டதையடுத்து 2008 மார்ச்சில் வன்முறை மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்கள்.

நம் சபை வரலாற்றில் வேறொரு வழியும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நம் முன்னோர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். 1847-ல் திருவிதாங்கூரில் மிஷனரிகள் ஒன்றுசேர்ந்து அடிமைகளை விடுவிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனு அனுப்பினார்கள். 1853-ல் பாதியாகவும் 1855-ல் முழுமையாகவும் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காக அடிபட்ட காலத்தில், சபை அவர்கள் பக்கம் நின்றது. 1859-ல் அரச அறிவிப்பு வந்தது. சட்டை போடுவது உலகத்துக் காரியம், நீங்கள் ஜெபம் செய்யுங்கள் என்று அன்று மிஷனரிகள் சொல்லியிருந்தால் குமரி மாவட்டத்துச் சபை வரலாறே வேறாக இருந்திருக்கும்.

செங்கல்பட்டில் நடந்தது இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்து மிஷனின் ஆதம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றவர்கள் சேரிகளுக்குப் போனது ஆத்தும ஆதாயத்துக்காகத்தான். போனபோது கண்டது என்ன? அங்கே குடிசை போட்டிருந்த மனிதனுக்குக் குடிசை நிற்கும் மண்கூடச் சொந்தமில்லை. அது மிராசுதாருடையது. படியாள் எதிர்த்துப் பேசினாலோ வேதத்தில் சேர்ந்தாலோ வேறிடத்தில் கூலிக்குப் போனாலோ குடும்பத்தோடு வெளியே தள்ளலாம். தரிசு நிலத்தை அரசிடம் மனுப்போட்டு வாங்கப் போனாலும் முதல் உரிமை மிராசுதாருக்கே. நிற்க இடமில்லாதவனுக்கு விசுவாசத்தில் நிற்கவும் வழியில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். அதனால் மிஷனரிகள் நிலத்தைப் பற்றி எழுதினார்கள், பத்திரிகைகளில் வாதிட்டார்கள், அரசை நெருக்கினார்கள். மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்கீர் 1891-ல் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றுவரை நாம் பேசுவது அதைத்தான். அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். தங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் புல எண் எந்தச் சபையின் போதகருக்காவது தெரியுமா? 1890-களின் மிஷனரிக்குத் தெரிந்திருந்தது.

எதிர்த்தரப்பில் நியாயமாகப் பேசுபவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். மனிதன் உள்ளம் மாறினால் சமூகம் தானாக மாறாதா என்பது ஒன்று. மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். மூன்று நூற்றாண்டுகளாக உள்ளங்கள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாறிய உள்ளத்தோடு மனிதர்கள் தனித்தனிக் கல்லறைக்குப் போய்ச் சேர்கிறார்கள். சகேயு மனம்மாறியபோது அது அவன் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். அப்படிக் கணக்கில் தெரியாத மனமாற்றத்தை வேதம் எங்கே பாராட்டியிருக்கிறது?

இரண்டாவது கேள்வி பயத்திலிருந்து வருகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாம் சிறுபான்மையினர், காலம் சரியில்லை, நீதி, உரிமை என்று பேசினால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆபத்து வரும். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி ஜார்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். விசாரணை கூட முடியாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காக எழுதினார், உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 அக்டோபரில், 83 வயதில், பார்க்கின்சன் நோயோடு கைது செய்யப்பட்டார். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். சாமியாருக்கு எதற்கு இந்த வேலை என்று அப்போது நம் சபைகளுக்குள்ளேயே கேட்டார்கள். விலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து, ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலை இன்றே நிறைவேறியது என்று அறிவித்தவரை அந்த ஊரார் அன்றே மலை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். விலை இருக்கிறது என்பதை வைத்து அது அவருடைய வேலையில்லை என்று யாரும் முடிவு கட்டவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்கிற சபையோடு சேர்ந்து நானும் ஜெபிப்பேன். அந்தப் பயத்துக்கு இறையியல் என்று பெயர் வைக்கும்போதுதான் என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் இந்தக் கோட்டுக்கு ஏழைகள் கொடுத்த விலையை முழுவதுமாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கைப் பார்க்க வேண்டும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982-ல் சாலையோரத் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சிறு கடைப்பெட்டிகள் கொடுக்கும் திட்டம் வந்தது. பக்கத்தில் அதே வெயிலில் அதே தொழிலைச் செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி அவரை வெளியே நிறுத்தியது. அந்தப் பத்தி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அந்தச் சாதியால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அதற்குச் சாட்சியம் போதவில்லை என்று மனு தள்ளுபடியானது.

சாட்சியம் போதவில்லை! வடக்கன்குளத்து ஆலயம் நின்றுகொண்டிருக்கிறது. ஊர் ஊருக்கு இரட்டைக் கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் மார்க்கத்தில் சாதி இல்லை என்று சபையின் பெரியவர்கள் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கேட்டால் சாதி உலகத்துக் காரியம், சபை அதில் தலையிடாது. வெளியே கேட்டால் சபையில் சாதியே இல்லை. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் சூசை கடைப்பெட்டி இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் போன்றவர்களுக்கு இன்றும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, தனித்தொகுதியில் நிற்க முடியாது, தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அரசின் அநீதி இது, மறுக்கவில்லை. அரசுக்கு அந்த வாதத்தை எடுத்துக்கொடுத்தது நாம்.

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2003-ல் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதியைப் பற்றிக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை நடப்பதை ஒப்புக்கொண்டது. ஒன்றே முக்கால் கோடிக்கு மேற்பட்ட இந்தியக் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதையும் சேர்த்து. ஆவணம் நல்ல ஆவணம். அது பங்கின் கல்லறை வரை இறங்கி வரவில்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மதத்தைச் சாதிப் பட்டியலிலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது. இப்படி எந்த ஆணையம் கேட்டாலும், எந்த நீதிமன்றம் கேட்டாலும், சபை என்ன கொடுக்கப்போகிறது? வழக்கம்போல ஒரு தீர்மானமும் கறுப்புக்கொடி நாளும் போதாது. 1985-ல் நீதிமன்றம் கேட்ட சாட்சியம் முழுவதும் நம்மிடம்தான் இருக்கிறது, பங்குப் பதிவேடுகளிலும் பேராய அலுவலகங்களிலும். எந்த ஊரில் கல்லறை இரண்டு, எந்தத் தெருவுக்குள் தேர் திரும்புவதில்லை, யார் வீட்டுப் பிணத்துக்குச் சபையின் சவவண்டி கொடுக்கப்படுவதில்லை, பலிபீடப் பணிக்கும் பாடகர் குழுவுக்கும் எந்தத் தெருப் பிள்ளைகள் சேர்க்கப்படுவதில்லை, சபைப் பள்ளியில் துப்புரவு வேலைக்கு மட்டும் எந்தக் குடும்பங்கள் எடுக்கப்படுகின்றன, அவர்களுக்கு என்ன கூலி. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு பேராயமும் ஊர்ப் பெயரோடு இதை எழுதி, ஆயர் கையெழுத்திட்டு, தனக்கு எதிரான சாட்சியாகத் தானே தாக்கல் செய்ய வேண்டும்.